ஊமைத்துரை சீமையில் மழலை

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். ஓட்டப்பிடாரத்துக்காரனிடம் வரலாறு கேட்டால் என்ன வரும் என்பது நம் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒன்று வ.உ.சி., இல்லாவிட்டால் பாஞ்சாலங்குறிச்சி. இரண்டையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நானும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள்தான் நுழையப் போகிறேன். ஆனால் அங்கே இருந்த ஒருவருடைய நாக்கைப் பற்றிப் பேசிவிட்டு, அப்படியே நம்ம ஊர்ப் பிள்ளைகளின் நாக்குக்கு வந்துவிடுவேன். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு முப்பது வருஷம் கிடந்தவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். தம்பி குமாரசாமி பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கிருந்து தப்பி வந்து, தரைமட்டமாக்கப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பி, மே 24 வரை கும்பினிப் படையைத் திணற அடித்தார். அந்த ஆண்டு நவம்பர் 16-ல் அவரையும் தூக்கிலிட்டார்கள். இவ்வளவு செய்தவரை நாம் குமாரசாமி என்று சொல்வதில்லை, ஊமைத்துரை என்றுதான் சொல்கிறோம். அவருக்குப் பேச்சே வராது என்பவர்கள் உண்டு. திக்குவாய்தான் என்பவர்களும் உண்டு. எதிர்த்துப் போரிட்ட கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் லண்டனில் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், காதும் கேளாத வாயும் பேசாத மனிதர் என்றே எழுதுகிறார். மெலிந்து உயர்ந்த, நோயாளி போலத் தோன்றும் அந்த வாலிபனை ஊரே தெய்வமாகக் கொண்டாடியதைப் பார்த்து வெல்ஷுக்கு ஆச்சரியம். இடது உள்ளங்கையில் சில வைக்கோல் துண்டுகளை எடுத்து வைப்பாராம்; அதுதான் வெள்ளைக்காரப் படை. எப்போது என்பதற்கும் ஒரு சைகை. பிறகு வலது கையால் 'விஸ்' என்ற ஓசையோடு அத்தனையையும் துடைத்துத் தள்ளுவார். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு!

வாய் பேசாதவர் ஒரு போரையே நடத்திய மண் இது. இருந்தும், பேச்சு சரியாக வராத பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஊமை, கொன்னவாய், தெத்துவாய், திக்குவாய். தெருவில் கூப்பிடும்போது எல்லாம் ஒன்றுதான். உண்மையில் இவை வேறு வேறு சங்கதிகள். காது கேளாததால் பேச்சு வராமல் போவது ஒன்று. சொல் தெரியும், ஆனால் வார்த்தை தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவது இன்னொன்று. நான் எழுத வந்தது மூன்றாவது வகை. காது நன்றாகக் கேட்கிறது, புத்தி தெளிவு, நாக்கும் உதடும் ஒழுங்காக இருக்கின்றன, நிறையப் பேசவும் செய்கிறது. ஆனால் நாலு வயசு, அஞ்சு வயசு ஆன பிறகும் பேச்சு இரண்டு வயசுக் குழந்தை மாதிரியே இருக்கிறது. 'கடலைமிட்டாய்' என்பதற்குத் 'தடலமித்தாய்'. தாய்க்குப் புரியும், அடுத்த வீட்டுக்காரிக்குப் புரியாது. ஒலி வளர்ச்சித் தாமதம் என்று இதைச் சொல்லலாம். ஊமை என்ற பட்டம் பொருந்தாது. மழலை என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் வயசும் தாண்டியாச்சு. நடுவில் நிற்பதனாலேயே இந்தப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் போனார்கள்.

ஒலி எங்கே பிறக்கிறது என்ற விசாரணையில் நம்மவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலுக்கே பிறப்பியல் என்றுதான் பெயர். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எப்படி ஒலியாகிறது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. நாக்கின் அடியும் அண்ணத்தின் அடியும் சேர்ந்தால் ககரம், ஙகரம். நாக்கு நுனி பல்லின் அடியில் பரந்து ஒற்றினால் தகரம், நகரம். இரண்டு உதடும் சேர்ந்தால் பகரம், மகரம். நாக்கு நுனி மேலே உயர்ந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும். இன்றைக்குப் பேச்சுப் பயிற்சியாளர் கண்ணாடி முன்னால் குழந்தையை உட்கார வைத்து, "நாக்கை இங்கே வை, இப்படித் தூக்கு" என்று காட்டிக் கொடுக்கிறார் அல்லவா? அந்தக் குறிப்பு அத்தனையும் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் நெடுங்கணக்கில் வல்லினம் ககரத்தில் தொடங்கிப் பகரம் நோக்கி வருகிறது. அதாவது தொண்டைப் பக்கமிருந்து உதட்டை நோக்கி. (றகரம் மட்டும் தனியாகக் கடைசியில் நிற்கிறது.) குழந்தை நேர் எதிராகப் போகும். முதலில் உதடு: அம்மா, அப்பா, பாப்பா. பிறகு பல்: தாத்தா. தொண்டை ஒலியான ககரம் பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் பிடிபடும். அதனால்தான் முற்றத்தில் வந்து உட்காரும் காக்காயைக் கைநீட்டித் 'தாத்தா' என்று கூப்பிடுகிறது. திண்ணையிலிருக்கும் நிஜத் தாத்தா கோபித்துக்கொள்ளக் கூடாது. ரகர றகரங்களும் ழகரமும் கடைசியில் வருகிறவை. ரஷ்யாவில் பிறந்த மொழியியலறிஞர் ரோமன் யாகப்சன், ஹிட்லர் படைக்குத் தப்பி ஸ்வீடனில் இருந்த காலத்தில், 1941-ல் ஒரு நூல் வெளியிட்டார். உலகத்துக் குழந்தைகள் ஒலிகளைக் கைக்கொள்வதில் ஒரு பொது ஒழுங்கு உண்டு, உதட்டொலியும் பல்லொலியும் முன்னால், பின்னண்ண ஒலி பின்னால் என்பது அவர் வாதம். பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு, யாகப்சன் சொன்னபடியே எல்லாம் நடப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் மழலையை விளையாட்டுப் பேச்சாகத் தள்ளிவிடாமல், அதற்குள்ளே ஓர் இலக்கணம் இருக்கிறது என்று பார்க்க வைத்தவர் அவர்.

இலக்கணம் அவ்வளவு தெரிந்த நாம் பிள்ளைக்கு என்ன செய்தோம்? வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினோம். தேன் தொட்டு வைத்தோம். "நாக்கு ஒட்டியிருக்கு, அடி நரம்பை வெட்டிவிட்டால் சரியாப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பினோம். (நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருந்து பேச்சைக் கெடுப்பது அபூர்வம். ககரம் தகரமாக வருவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ககரத்துக்கு நாக்கு நுனியே வேண்டாமே!) திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ராகம் போட்டுச் சொன்னார்கள். காதுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் அந்தக் கூட்டுச் சத்தத்தில் ஒரு பிள்ளை மட்டும் தப்பாகச் சொல்வது சட்டாம்பிள்ளைக்குக் கேட்கவா போகிறது? கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிற நாப்பயிற்சி வாசகத்தையும் சொல்லச் சொல்வார்கள். அது சரியாகப் பேசுகிறவனுக்குப் பந்தயம், பேச வராதவனுக்குத் தண்டனை.

ஊமைத்துரை சிறையிருந்த அதே பாளையங்கோட்டையில், சுமார் நூறு வருஷம் கழித்து, 1890-களில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கில மிஷனரி அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் அது இன்றும் நடக்கிறது. இந்தியாவிலேயே இத்தகைய பள்ளிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் காது கேட்கிற, பேச்சு மட்டும் தெளியாத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? அவன் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சில் இருந்தான். எழுந்து வாசி என்றால், 'மரம்' என்பதில் ரகரம் லகரமாக விழுந்து அர்த்தமே கெட்டு, வகுப்பு முழுக்கச் சிரித்தது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடிகாலையில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. சிரிப்புக்குப் பயந்தவனுக்கு அந்த வண்டி வசதியாகப் போயிற்று. எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பேச்சுப் பயிற்சி என்பது தனி ஒரு துறையாக வளர்ந்தது அமெரிக்காவில். சார்லஸ் வான் ரைப்பர் என்பவர் 1939-ல் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. அவரே திக்குவாய்க்காரர். முதலில் காதுக்குப் பயிற்சி, பிறகு தனி ஒலி, பிறகு அசை, சொல், வாக்கியம் என்று படி படியாக ஏற்றுகிற முறை அவருடையது. இந்தியாவில் 1965-ல் மத்திய அரசு மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தை நிறுவியது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஓர் உச்சரிப்புச் சோதனை 1986-ல் மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வேடாகத்தான் வந்தது. தமிழ்க் குழந்தையின் நாக்கை அளக்கும் கோல் கன்னட நாட்டில் செய்யப்பட்டது என்று வருத்தப்படுவதா, அங்காவது செய்தார்களே என்று சந்தோஷப்படுவதா?

இதற்குள் துறையின் எண்ணமே ஒரு புரட்டுப் புரண்டிருந்தது. 1976-ல் டேவிட் இங்கிரம் குழந்தைகளின் ஒலியமைப்புக் குறைபாடு பற்றி எழுதிய நூலும், அதையொட்டி வந்த ஆராய்ச்சிகளும் ஒன்றைத் தெளிவாக்கின. பல பிள்ளைகளுக்குத் தகராறு நாக்கில் இல்லை, மனதுக்குள் ஒலிகளைப் பிரித்து அடுக்குவதில் இருக்கிறது. 'தடலமித்தாய்' என்கிற பிள்ளை ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகக் கோட்டைவிடவில்லை. ககரம், டகரம் எல்லாவற்றையும் தகரத்தின் கூடையில் போடுவது என்று ஒரு விதி வைத்திருக்கிறது. விதியை உடைத்தால் பல சொற்கள் ஒரே நேரத்தில் திருந்தும். எப்படி உடைப்பது? மேஜை மேல் இரண்டு படம்: ஒன்று கத்தி, ஒன்று கட்டி, வெல்லக்கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வெல்லத்தைக் கேட்க நினைத்துக் 'கத்தி' என்கிறது. பயிற்சியாளர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கத்திப் படத்தை எடுத்து நீட்டுகிறார். பிள்ளை விழிக்கிறது. தான் சொன்னது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு என்று அதற்கு உறைக்கிற இடம் அதுதான். பட்டு–பத்து, கடை–தடை, கரை–கலை என்று தமிழில் இதற்குச் சோடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இனி நம்ம வட்டாரச் சிக்கலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

நம் பக்கம் பேச்சில் ழகரம் கிடையாது என்பது ஊரறிந்த ரகசியம். 'வாளப்பளம்', 'மளை', 'கோளி', 'கிளவி'. பட்டிமன்றப் பேச்சாளர் மேடையில் நாக்கை மடக்குவார். வீட்டுக்குப் போய் 'பளைய சோறு' என்பார். இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளையிடம் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டால், 'பளம்' என்றுதான் சொல்லும். அது பிழையா? அம்மாவும் அப்பாவும் ஆச்சியும் சொல்வதை அப்படியே பிடித்திருக்கிறது. காது சுத்தமாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதே பிள்ளை 'பயம்' என்றால் கதை வேறு. பழைய சென்னைத் தெருப்பேச்சில் 'வாயப்பயம்' வழக்கு. அங்கே அது குறையில்லை. ஓட்டப்பிடாரத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை, ஆகவே ஐந்து வயசில் அது கவனிக்க வேண்டிய ஒலி. ஒரே சொல், ஒரே உச்சரிப்பு; ஓர் ஊரில் வழக்கு, இன்னோர் ஊரில் தாமதம். ழகரம் சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வாத்தியார் வேலை. வைத்தியர் வேலை இல்லை.

கரிசலில் இன்னொரு பின்னலும் உண்டு. கட்டபொம்மன் பரம்பரை உட்பட எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுமொழி தெலுங்கு. அடுப்படியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. தெலுங்குப் பேச்சில் ழகரம் இல்லை. தமிழில் எழுத்தளவில் இல்லாத வல்லோசை–மெல்லோசை வேறுபாடு அதில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையைத் தமிழில் மட்டும் சோதித்தால் பாதிப் பிள்ளையைத்தான் பார்த்ததாக ஆகும். தெலுங்கு வீட்டில் பிறந்த இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியே போட்டார். சொல்லுக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. ஒலிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நம்மோடு மட்டும் இந்த வழக்கு நிற்கவில்லை. கடல் கடந்தும் இதே தகராறு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மந்தபுத்தி வகுப்பில் தள்ளியதை எதிர்த்து வழக்கு நடந்தது. டயானா வழக்கு என்பார்கள். 1970-ல் சமரசமாயிற்று, பிள்ளையைத் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். சரி, ஸ்பானியத்தில் சோதித்தால் போதுமா? எந்த ஸ்பானியம்? நம் ர–ற போல அங்கே இரண்டு ரகரம். 'பெரோ' என்று லேசாகத் தட்டினால் 'ஆனால்', நாக்கு அதிர உருட்டினால் 'நாய்'. உருட்டு ரகரம்தான் அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசியில் வருகிறவற்றில் ஒன்று. புவேர்ட்டோ ரிக்கோ முதலான கரீபியத் தீவுகளில் சொல்லின் கடைசி ஸகரத்தைப் பெரியவர்களே விழுங்கிவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் விழுங்கும். கோல்ட்ஸ்டீன், இக்லேசியாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் புவேர்ட்டோ ரிக்கோ வழக்குப் பேசும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, வட்டார வழக்கைக் கணக்கில் சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன என்று ஒப்பிட்டார்கள். சேர்க்காவிட்டால் பிழை எண்ணிக்கை ஏறிவிடுகிறது. நன்றாகப் பேசும் பிள்ளையும் குறையுள்ள பட்டியலில் போய் விழக்கூடும். அங்கே ஸகரம், இங்கே ழகரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் பார்க்கவில்லை. என் வகுப்பில் ஒரு பையன். ககரமும் டகரமும் வராது. தீப்பெட்டி அவனுக்குத் 'தீப்பெத்தி'. கணக்கில் சூரன். அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு அவனைப் பஸ் ஏற்றி ஒரு பெரிய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். அங்கே இருந்தவர் வேறு வட்டாரத்துக்காரர். படப் புத்தகத்தைக் காட்டிச் சோதித்து, "ழகரம் வரவில்லை" என்று அதையே முதல் பாடமாகக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் அந்தக் குடும்பம் முழுக்க உட்கார்ந்து 'பழம், மழை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிக் கொடுக்க வேண்டிய தாய்க்கே ழகரம் வராது! ககரத்தை யாரும் தொடவில்லை. "சார், எனக்கே வராததைப் பிள்ளைக்கு எப்படிச் சார் சொல்லித்தர?" என்று அந்தம்மா என்னிடம் கேட்டதில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். தன் பேச்சே நோய் என்று நினைத்துவிட்டார். பிறகு வேறோர் இடத்தில் ஒரு பெண் பயிற்சியாளர், பையனைத் தொடுவதற்கு முன்னால் தாயைப் பத்து நிமிஷம் பேசவிட்டுக் கேட்டாராம். ழகரத்தை ஓரமாக வைத்துவிட்டு ககரத்தில் தொடங்கினார். தலையைப் பின்னால் சாய்த்து, கொப்பளிக்கிற மாதிரி தொண்டையில் ஓசை எழுப்பச் சொல்லி விளையாட்டுப் போல ஆரம்பித்து, பிறகு காது–தாது படங்கள். அந்த வருஷப் பரீட்சைக்குள் பையன் எழுந்து வாசித்தான்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள். பேச்சு தனியாக இல்லை. 2016 சட்டத்தில் அது இருபத்தொன்றாகி, பேச்சும் மொழியும் இடம் பிடித்தன. ஆனால் அது நிரந்தரக் குறைபாட்டைப் பற்றியது. நம் பிள்ளையின் தாமதம் நிரந்தரமல்ல, பயிற்சி கொடுத்தால் தீரக்கூடியது. ஆகவே சான்றிதழும் கிடையாது, பலரும் தேடி வருவதும் கிடையாது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் கொஞ்சம் வழி திறந்தது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பார்க்கும் பட்டியலில் காது கேளாமையும் மொழி வளர்ச்சித் தாமதமும் இருக்கின்றன. மேல் கவனிப்புக்கு மாவட்ட மையங்கள் என்றும் திட்டம்.

பேரன் பேத்தி எடுத்த நண்பர்களுக்காக இரண்டு சங்கதி. பேச்சு தெளியாத எந்தப் பிள்ளைக்கும் முதலில் பார்க்க வேண்டியது காது. சளியும் சீழும் கட்டிய காதோடு எத்தனையோ பிள்ளைகள் நடமாடுகின்றன. அடுத்தது வயசு. 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்து மக்லியோடும் குரோவும் 2018-ல் எழுதிய கட்டுரைப்படி, ஐந்து வயசுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் வந்துவிடுகின்றன. நாலு வயசுப் பிள்ளை பேசுவது அயலாருக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று அதற்குமேல் காத்திருக்கக் கூடாது.

நம் பக்கத்துப் பிள்ளை பார்த்துப் பழகிய பொருள்களை வைத்து ஒரு படச்சொல் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பருத்தி, கம்பு, கடலைமிட்டாய், தீப்பெட்டி, காக்கா, கண்மாய், கிடாய், உலக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, நம் வீடுகளில் பெரியவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் குறித்து வருகிறேன். ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, புதியம்புத்தூர் வரை முடிந்திருக்கிறது. பசுவந்தனை, மணியாச்சி, எப்போதும்வென்றான் பக்கத்து நண்பர்கள், தெலுங்கு பேசும் வீட்டுக்காரர்கள், அங்கன்வாடியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவியர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடிப் பிடித்தால் நோட்டும் பேனாவும் கையில் இருக்கும்.